பச்சை உறை வாள்

இருங்க தம்பி, அந்தப் பச்சை உறை வாளை மட்டும் வண்டியில ஏத்தாதீங்க. மத்ததைத் தாராளமா ஏத்திக்கோங்க. என்னது, ஒரு ஆயுதம் விடாம வரணும்னு வெள்ளைக்காரத் துரை உத்தரவா? சரி, முதல்ல மோர் குடிங்க. திரைக்குப் பின்னால இருந்து ராணியே பேசறாளேன்னு கூச்சப்படாதீங்க. ராஜ்யம் போன ராணிகிட்ட என்ன கூச்சம்?

எங்க பாவல்சர் ஊர் எப்படி ராஜ்யமாச்சு தெரியுமா? என் மாமனாரோட அப்பா பக்கத்து ஊர் எருமையை ஓட்டிட்டு வந்து பொழைச்ச மனுசன். ஒரு தடவை எருமையோட நிறுத்தாம ஆறு கிராமத்தையே வளைச்சுப் போட்டார். அடுத்த வாரம் பட்டாளத்தோட துரை வந்து இறங்கினான். இன்னிக்கு எது யார் கையில இருக்கோ அது அவனுக்கே, இனிமே சண்டை கூடாதுன்னு கோடு போட்டுட்டான். போன வாரம் திருடினது பரம்பரைச் சொத்தாயிடுச்சு. சிரிங்க, சிரிங்க. நாங்களும் சிரிப்போம், கதவைச் சாத்திக்கிட்டு.

சண்டை போடக்கூடாதுன்னா அப்புறம் ராஜாவுக்கு என்ன வேலை? துரைக்கு விருந்து வைக்கிறதுதான். எங்க ராஜாவுக்கு துரை நடத்துற தர்பார்ல முன்வரிசை நாற்காலி வேணும்னு ஒரே பைத்தியம். ராஜ்கோட் முகாமுக்குக் கூப்பிட்டா போதும், சாப்பாட்டுல கைவச்சவர் அப்படியே எழுந்து ஓடுவாராம். கடைசியா போனப்போ கிடைச்சது மூணாவது வரிசை. திரும்புற வழியிலேயே காய்ச்சல் கண்டு போய்ச் சேந்துட்டார். புள்ளை இல்ல. மாமியார் செத்த மகன் பேருக்கு ஒரு பையனைத் தத்தெடுத்து, மனு மேல மனு போட்டு, அவங்களும் போயாச்சு. தத்து செல்லாது, ராஜ்யம் எங்களுதுன்னு இப்ப துரைங்க சொல்லிட்டாங்க. பையனும் பெத்தவங்க வீட்டுக்கே போயிட்டான். கோடு போட்டவங்களே அழிச்சுட்டாங்க, அவ்வளவுதான்.

அந்த வாள்ல என்ன விசேஷமா? ஒண்ணுமில்ல. தங்கப்பிடி கிடையாது, காய்கறி கூட நறுக்காது. அந்தக் கடைசி முகாம் அன்னிக்குத்தான் எங்க கல்யாணம். நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? மாப்பிள்ளை வர முடியலேன்னா அவருக்குப் பதிலா அவர் வாளை அனுப்புவாங்க. பல்லக்குல வந்துச்சு. அதோடதான் அக்கினியைச் சுத்தினேன். அவர் முகத்தை நான் பாத்ததே இல்ல தம்பி. நல்லது கெட்டது எதுன்னாலும் இத்தனை வருசமா அதுகிட்டதான் சொல்றேன்.

துரை ஆயுதத்தைத்தானே கேட்டார்? எல்லாத்தையும் ஏத்திட்டுப் போங்க. அது ஆயுதமில்ல, என் புருசன்.