கிளைவா ஏத்தமும் நாலு டயரும்

கையெழுத்துதானே, போடுறேன் ஸ்டைனார். உன் ரிப்போர்ட்டு எங்கயும் ஓடிப்போயிடாது. மொதல்ல அந்தப் புது டயர்ல ஒண்ணை இப்படி உருட்டு, பாக்கலாம். ம்… பரவால்லையே. ஐஸைக் கவ்வ ஆணி வச்சிருக்கு, ரப்பரும் மெத்துனு இருக்கு. நகத்தால அழுத்துனா பதியுது பாரு. இப்ப அந்தப் பழசை அழுத்து. அழுத்திப் பாருப்பா, கடிக்காது. கல்லு! கொட்டகைக்குள்ள ஹீட்டர் ஓடியும் இப்படி. வெளிய மைனஸ் பதினெட்டுல எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோ. இந்தக் கல்லை மாட்டிக்கிட்டுத்தான் ரெண்டு குளிர்காலமா இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஊசியும் மருந்தும் கட்டுத் துணியுமா அலைஞ்சிருக்கேன்.

உக்காரு. ஃப்ளாஸ்க்ல காப்பி இருக்கு. வாஃபிள் காலைல சுட்டது, அந்தப் பழுப்புச் சீஸை சீவி வச்சுச் சாப்பிடு. என்ன, அவசரமா? உங்க ஆபீஸுக்கு நான் மூணு லெட்டர் எழுதினப்ப உனக்கு இந்த அவசரம் இல்லையே. மூணாவது லெட்டருக்கு மட்டும் பதில் வந்துச்சு. டயர்ல பல்லு இன்னும் தேயலை, மாத்த வேண்டிய தேவை எழவில்லைன்னு. உன் கையெழுத்துதான் கீழ. தேயலையாம். அது எப்படித் தேயும், தரையைத் தொட்டாத்தானே தேயும்?

வண்டியை நான் குறை சொல்லல. பாதி ஜீப்பு, பாதி டிராக்டர், பின்னால ஒரு தொட்டி, அவசரத்துக்கு ஒரு ஆளைப் படுக்க வச்சே கொண்டு வந்துடலாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் பனி தள்ற டிராக்டர் எப்ப வரும்னு டிராக்டருக்கே தெரியாது. அதுக்கு முன்னால யாராவது கிளைவா ஏத்தத்துல மேல போகணும்னா இந்த வண்டிதான். நல்ல வண்டி. ஆனா டயர் யாரு வாங்கினது? ஆபீஸ்ல உக்காந்து படம் பாத்து வாங்கினது. பெரிய பெரிய பல்லா இருக்கு, முரட்டுத்தனமா இருக்கு, மலைக்கு இதுதான் சரின்னு முடிவு கட்டிட்டீங்க.

அது சேத்து டயருப்பா. சேத்துல பல்லு தோண்டணும். தோண்டினா கீழ கெட்டித் தரை கெடைக்கும், வண்டி நகரும். பனில தோண்டினா என்ன கெடைக்கும்? இன்னும் பனி. நாலு சுத்து சுத்தினா நாலு குழி. வண்டி வயித்தை வச்சு உக்காந்துடும். சக்கரம் நாலும் மல்லாந்த வண்டு கை கால் ஒதறுற மாதிரி சும்மா ஒதறிக்கிட்டு கெடக்கும்.

காத்தைக் கொறைச்சா? ஓ, அதுவும் தெரியுமா உனக்கு. கொறைச்சேனே. மாவு மாதிரி புதுப் பனில பாதிக் காத்தை எறக்கி விட்டா டயர் அகலமாப் பரந்துக்கும், மேலயே மெதந்து போகும், சொகமா இருக்கும். போன வருஷம் பிப்ரவரில சிக்னே வீட்டுக்குப் போறப்ப கொஞ்சம் கூடவே எறக்கிட்டேன். ஒரு திருப்பத்துல டயர் விளிம்பை விட்டுக் கழண்டு வந்துடுச்சு. ரெண்டு மணி நேரம் ஜாக்கியோட மல்லுக்கட்டுறேன், விரல் மரத்துப் போச்சு. பாத்தா, மேலேருந்து ஸ்கீ கட்டையில சறுக்கிக்கிட்டு ஒருத்தி வர்றா. யாரு? சிக்னே! எம்பத்தாறு வயசு, கையில கட்டு, அந்தக் கட்டை மாத்தத்தான் நான் போயிட்டிருக்கேன். அவ எனக்குச் சூப் கொண்டு வர்றா. குடிச்சுட்டு வா, நேரமாகுதுன்னு நானே வந்துட்டேன், நீயே நோயாளி மாதிரி இருக்கன்னா. கடையில ஒரு வாரம் இதே பேச்சு. நீயும்தான் சிரிச்ச, எனக்குத் தெரியும்.

டயர்மேல சுத்துற சங்கிலியா? போட்டேன்பா, எல்லாம் போட்டேன். பின்னால மட்டும் போட்டா ஏறுது. எறங்குறப்ப முன் சக்கரம் கேக்க மாட்டேங்குது. நான் எங்க ஒடிச்சாலும் அது நேராத்தான் போகும், உங்க ஆபீஸ் மாதிரி. முன்னாலயும் போடலாம்னா இந்தத் தடி டயருக்கு எடம் பத்தல, இரும்புல போய் உரசுது. ஈரப் பனின்னா இன்னொரு கூத்து. பல்லு இடுக்குல போய் அப்பிக்கும். அஞ்சு நிமிஷத்துல டயரே வழவழன்னு ஒரு வெண்ணெய் உருண்டை. எறங்கி ஸ்க்ரூ ட்ரைவரால நோண்டணும். நோண்டிட்டு ஏறி உக்காந்தா, மறுபடியும்.

இதெல்லாம் எழுதினேன் ஸ்டைனார். பக்கம் பக்கமா எழுதினேன். ஒரு நர்ஸு டயரைப் பத்தி இவ்வளவு எழுதுறாளே, ஏன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?

சரி சரி, படி. என்ன எழுதியிருக்க, படி. கிளைவா ஏத்தத்தில் சக்கரங்கள் பனியில் புதைந்ததால் செவிலியர்… செவிலியராம்! போர்கில்ட்னு என் பேரை எழுதினா கொறஞ்சா போயிடும்? படி. நோயாளியை உரிய நேரத்தில் அடைய இயலவில்லை. அவ்வளவுதானா? ஒரு மனுஷன் பனில கெடந்த மூணரை மணி நேரம் ரெண்டே வரியில முடிஞ்சு போச்சு.

மேல ஆடு வளர்க்குற ஹால்வர் அன்னிக்கு வரைக்கும் நோயாளியே இல்ல. வைக்கோல் பரண்லேருந்து எறங்குறப்ப ஏணி வழுக்கி விட்டுருச்சு, இடுப்பெலும்பு போச்சு. ஆட்டுக் கொட்டகைக்கு வெளிய விழுந்திருக்கான். அம்பத்தொம்பது வயசு, தனி ஆளு. கையால இழுத்து இழுத்துக் கதவு வரைக்கும் வந்துட்டான், நிலைப்படியைத் தாண்ட முடியல. தலையும் நெஞ்சும் உள்ள, காலு வெளிய பனில. நல்லவேளை ஆடுங்க வந்து அவனை ஒட்டிப் படுத்துக்குச்சுங்க, இல்லேன்னா அன்னிக்கே கதை முடிஞ்சிருக்கும். போன் பையில இருந்துச்சு. மொதல்ல ஆம்புலன்ஸுக்கு அடிச்சான். மூட்டமா இருக்கு, ஹெலிகாப்டர் வராதுன்னுட்டாங்க. வண்டி டவுன்லேருந்து வரணும், பனி தள்ற டிராக்டர் முன்னால போகணும், அது போய்ச் சேரத்தான் மூணரை மணி நேரம் ஆச்சு. பக்கத்துல யாரு இருக்கா? நான். ஒம்போது கிலோமீட்டர்.

குளிர்ல வெறைச்சுச் செத்துப் போச்சுன்னு மூணு விரல் எடுத்துட்டாங்க, இடது கால்ல. பாத்திருப்ப. ஊனுகோலோட அவன்தானே உங்க ஆபீஸுக்கு வந்து மேசையைத் தட்டினான்? ம்ம், தெரியும், ஊருக்கே தெரியும். அந்தப் பொம்பளை மூணு லெட்டர் போட்டா, அவ சொன்னதைக் கேட்டிருந்தா என் விரல் என்கிட்ட இருந்திருக்கும்னு கத்தினானாமே. அதனாலதான் இன்னிக்கு நாலு டயரும் பறந்து வந்திருக்கு. என் லெட்டருக்கு வரல. ஹால்வர் விரலுக்கு வந்திருக்கு.

போன ஞாயித்துக்கிழமை இங்க வந்தான். அந்த ஊனுகோலை வச்சுக்கிட்டு, ஐஸ்ல, கீழ ரோட்டுலேருந்து நடந்தே. ஒரு ஆட்டுத் தொடை, அவனே பொகை போட்டது, முதுகுல கட்டிக்கிட்டு. எதுக்கு இதுன்னேன். அன்னிக்கு நீ பட்ட பாட்டுக்குன்னான். உள்ள மாட்டியிருக்கு. நான் இன்னும் வெட்டல. வேணும்னா போறப்ப நீ எடுத்துட்டுப் போ. இல்ல, நெசமாத்தான் சொல்றேன். எடுத்துட்டுப் போ.

என்ன? என்ன சொன்ன?

நீ ஏம்ப்பா தூங்கல? ஸ்டைனார், நிமிந்து பாரு. நான் கிண்டலுக்கு ஏதோ கத்துவேன், நாப்பது வருஷமா இப்படித்தான் கத்துறேன், அதுக்காக… உன் பொண்டாட்டி என்ன சொல்றா? சாப்பிடறதும் இல்லையா? அந்த லெட்டர்ல கையெழுத்துப் போட்டதால ஒரு மனுஷனோட காலு போச்சுன்னு நீயா முடிவு பண்ணிட்டியா? வேலையை விட்டுடுறியா? பைத்தியமா உனக்கு? ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு?

காப்பியைக் கீழ வை, சிந்துது. வை.

இங்க பாரு. டயர் மோசம். அது உன் தப்பு, அதை நான் விட மாட்டேன், அடுத்த வருஷமும் சொல்லிக் காட்டுவேன். ஆனா அன்னிக்கு அந்த டயர் எங்கயும் புதையல.

புதையலப்பா. புதையணும்னா ஏத்தத்துல ஏறியிருக்கணும்ல. நான் பாலத்தையே தாண்டல.

அதுக்கு முந்தின நவம்பர்ல அதே கிளைவாவுல எறங்கிட்டிருந்தேன். பனி கூட இல்ல, கண்ணாடி மாதிரி ஐஸு. பிரேக்கைத் தொட்டேன், வண்டி பக்கவாட்டுல போக ஆரம்பிச்சுடுச்சு. மெதுவாத்தான் போச்சு, அதுதான் கொடுமை, எல்லாத்தையும் பாத்துக்கிட்டே போனேன். பின் சக்கரம் ஒண்ணு ஓரத்தைத் தாண்டி அந்தரத்துல நிக்குது, கீழ ஆறு. ஒரு பிர்ச் மரம் பிடிச்சுக்கிச்சு, என் கைத் தண்டி கூட இருக்காது. பிரேக்ல காலை வச்சபடி எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியல. அப்பறம் எறங்கி, கயிறு கட்டி, இழுத்து எடுத்து, வீட்டுக்கு வந்து துணி துவைச்சேன். யாருகிட்டயும் சொல்லல. சொன்னா பாவம் வயசாயிடுச்சுன்னு என்னை ஆபீஸ்ல உக்கார வச்சுடுவீங்க. லெட்டர் எழுதினேன். டயரைப் பத்தி எழுதினேன்.

அன்னிக்கு பாலத்துக்கிட்ட நிறுத்தினேன். ஏத்தத்தைப் பாத்தேன். புதுப் பனி, ஒரு சாண் இருக்கும். காத்தை எறக்கணும், சங்கிலி மாட்டணும், எல்லாம் தெரியும். எறங்கவே முடியல என்னால. காலு வரல. ஏறியிருக்குமான்னு கேக்காத. ஏறியிருக்கும்னும் சொல்ல மாட்டேன், ஏறியிருக்காதுன்னும் சொல்ல மாட்டேன். ஏத்திப் பாக்கவே இல்ல. அதுதான் விஷயம்.

ஹால்வருக்குப் போன் போட்டேன். ஏத்தத்துல மாட்டிக்கிட்டேன்னு சொன்னேன், சக்கரம் புதைஞ்சுருச்சுன்னு. அவன் பல்லு கிட்டிக்கிட்டுப் பேசறான், பின்னால ஆடு கத்துது. நீ ஒண்ணும் பயப்படாத போர்கில்ட், எஞ்சினை அணைச்சுடாத, அணைச்சா குளிர்ல வெறைச்சுடுவன்னான். கம்பளிக் கையுறை இருக்கான்னு கேட்டான். இருக்குன்னேன். நான் பாலத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்திருக்கேன், ஹீட்டர் ஓடுது, கண்ணாடியெல்லாம் வேர்த்திருக்கு. சரி ஹால்வர், அணைக்க மாட்டேன்னு சொன்னேன்.

அழுவாதப்பா. நீ எதுக்கு அழுவுற.

அந்த ரெண்டு வரியை அடிச்சுட்டு இப்ப நான் சொன்னதை எழுது, அப்பறம் கையெழுத்துப் போடுறேன். சாயந்திரம் நானே ஹால்வர் வீட்டுக்குப் போய் அவன்கிட்டயும் சொல்லணும், நடந்துதான் போவேன். டயரை மட்டும் இப்பவே மாட்டிடு, நான் ஜாக்கி பிடிக்கிறேன். எனக்கு இல்ல. திங்கக்கெழமை என் எடத்துக்கு யாராவது ஒரு நர்ஸை அனுப்பி வைக்கணும்ல, அவளுக்கு.