எம்.டி.யை அழவைத்த கடிதம்

செம்பாக்கம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு நர்ஸுகள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நர்ஸஸ் டே நாடகம் பார்த்து நம்ம ஆஸ்பத்திரி எம்.டி. அழுதுட்டாருக்கா," என்றாள் இளையவள்.

"அவரா? எதுக்குடி?"

"போர்க்கள நர்ஸம்மா வேஷம் எனக்குத்தானே? கையில விளக்கோட நின்னு, அவங்க அரசாங்கத்துக்கு எழுதின லெட்டரைப் படிச்சேன். முப்பது படுக்கைக்கு நான் ஒருத்திதான், இன்னொரு நர்ஸ் அனுப்புங்கன்னு."

"அவங்க அப்படியா எழுதினாங்க?"

"இல்லக்கா. அது மூணு மாசமா என் வார்டுக்காக எம்.டி.க்கு நான் எழுதிட்டிருக்கிற லெட்டர்."

"ஐயோ! கண்டுபிடிச்சிட்டாரா?"

"எங்க? மேடையேறி, அந்தக் காலத்து அதிகாரிங்களுக்கு இதயமே இல்லன்னாரு."

"சரி, இன்னொரு நர்ஸ் வர்றாங்களா?"

"வரல. விளக்கை எனக்கே பரிசா கொடுத்துட்டாரு."

"அதைப் பிடிச்சுக்கவாவது ஒரு ஆள் கேட்டிருக்கலாமேடி!"