மூன்றாம் புத்தகத்தில் தகப்பன் பெயர்

கரையானுக்கு லத்தீன் பிடிக்கும், சாமி. தாராவியில் நம் கோவிலின் பழைய ஞானஸ்நானப் புத்தகங்களில் தமிழ்ப் பெயர்களை விட்டுவிட்டு, லத்தீன் வரிகளைத்தான் முதலில் தின்றிருந்தது. மிச்சத்தையாவது நகல் எடுக்கச் சொல்லி, உங்களுக்கு முன்பிருந்த பங்குச் சாமியார் 1964இல் என்னிடம் தந்தார். நான் ரயில்வேயில் கிளார்க், பங்குப் பேரவைக்குத் தலைவர். வேறு யாரிடம் தருவார்?

செம்பூரிலிருந்து காரில் வந்து வம்சம் தேடுவார்கள். பாட்டனார் தோல் கிடங்கில் கூலி என்று இருக்கும். நகலில் 'தோல் வியாபாரி' என்று எழுதிக் கொடுப்பேன். முகம் மலர்ந்து போவார்கள்.

ஞானசௌந்தரி சுனாபட்டியிலிருந்து நடந்து வந்தாள். இருபத்தொரு வயது, டெலிபோன் ஆபரேட்டர். தாய் மிக்கேலம்மாள், தகப்பன் யாரென்று சொல்லாமலே செத்திருந்தாள்.

"எங்க அய்யா யாருன்னு பாத்துச் சொல்லுங்க மாமா. நல்லவரோ கெட்டவரோ, எனக்குப் பேரு போதும்."

"பாக்கேன் தாயீ," என்றேன்.

தேடவே வேண்டியதில்லை. மூன்றாம் புத்தகம், 1943. தகப்பன்: சவரிராயன். நான்தான். அன்று எனக்கு இருபத்திரண்டு வயது. சாமியார் கேட்டதும் பயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்த வயதில் செய்கிற தவறுதானே. அடுத்த மாதமே ஊரில் பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டேன்.

நகலில் இன்னாசி என்று எழுதினேன். துறைமுகத்தில் விழுந்து செத்தவன், மறுப்புச் சொல்ல மாட்டான். பழைய தாளை வெந்நீர் அடுப்பில் போட்டேன். அவள் கோவண்டிக்குப் போய் இன்னாசியின் அக்காளைக் கண்டுபிடித்தாள். பிள்ளையில்லாத அந்தப் பொம்பளை இவள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அப்படியே எந்தம்பி மூக்குல்லா," என்றாளாம். ரத்தபாசம் அவ்வளவுதான், சாமி.

இரண்டு வருஷம் கழித்து என் மகன் தார்சிஸ் ஞானசௌந்தரியைத்தான் கட்டுவேன் என்று நின்றான். பெண்ணுக்கு ஒரு வயது கூட என்று என் மனைவி முணுமுணுத்தாள். வயதெல்லாம் ஒரு தடையா என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

மூன்று ஞாயிறு கோவிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று மூன்று தடவையும் கேட்டார்கள். முதல் வரிசையில் இருந்தேன். மூன்றாம் ஞாயிறு எனக்கு இருமல் வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இருமல்தான்.

எழுந்து சொல்லியிருந்தால் என் பதவி போயிருக்கும், அது கிடக்கட்டும். கோவண்டிக்காரிக்கு மருமகள் இல்லாமல் போவாள், ஞானசௌந்தரிக்குத் தகப்பன் இல்லாமல் போவான். அத்தனை பேர் மனசை உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது அவளுக்கு ஆறு மாதம். அந்தக் காலத்திலேயே பேராயர் இல்லத்துக்கு அனுப்பிவைத்த இரண்டாம் பிரதியோடு நீங்கள் வந்திருக்கிறீர்கள். மறுக்கவில்லை, எல்லாம் தெரிந்தேதான் செய்தேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வீடு, பெண் வீடு என்று நான் பேதம் பார்க்கவில்லை. இரண்டு பேரும் என் பிள்ளைகள். ஒரே மாதிரிதான் ஆசீர்வதித்தேன்.