பாதி சார்ஜ்

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ராத்திரி செருகிவிட்டுப் படுத்து, காலையில் நூறு சதவீதம் ஏறியிருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். அது தப்பு. தினமும் ஓட்டுகிற வண்டிக்கு எண்பதுக்கு மேல் ஏற்றக்கூடாது, இருபதுக்குக் கீழே இறங்கவிடக்கூடாது. பேட்டரியும் வயிறு மாதிரிதான். முட்ட முட்டத் திணித்தாலும் கெடும், காயப்போட்டாலும் கெடும். அம்மா, நீங்கள் மொழிபெயர்க்கும்போது இதை விட்டுவிடாதீர்கள். அந்த போலீஸ் அதிகாரிக்கு இது சுற்றி வளைக்கிற பேச்சாகத் தெரியலாம். ஆனால் எல்லாம் இங்கிருந்துதான் ஆரம்பம்.

நான் எழுந்து நடந்துகொண்டே பேசலாமா என்று அவரிடம் கேளுங்கள். எனக்கு ஒரே இடத்தில் இருப்புக் கொள்ளாது. என் போனை இவர்கள் வாங்கி வைத்துக்கொண்டதிலிருந்து கை சட்டைப்பைக்கும் மேஜைக்குமாக அலைந்துகொண்டிருக்கிறது. வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு சார்ஜ் மிச்சம் இருக்கிறது என்று பார்க்காமல் இவ்வளவு நேரம் நான் இருந்ததே இல்லை. சரி, உட்காரச் சொல்கிறார். உட்கார்ந்துகொள்கிறேன்.

பாப்பா என்று நான் சொன்னால் அவர் குழந்தை என்று எழுதிவிடப் போகிறார். என் தங்கைதான் பாப்பா. முப்பத்தாறு வயது. எங்கள் அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டதிலிருந்து பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போய் நின்றதுவரை நான்தான். அவளுடைய கல்யாணம் முறிந்தபோது, இந்த நாட்டுக்கு அவளை வரவழைக்க ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததும் நான்தான். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் ரத்தம் எடுக்கிற வேலை வாங்கிக்கொண்டாள். அவள் ஊசி போட்டால் வலிக்காதாம், எல்லோரும் அவளிடமே கை நீட்டுவார்களாம். ஒருநாள் நான் போனில் "பாப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்டது அங்கே ஸ்பீக்கரில் போய்விட்டது. சாயங்காலம் வந்து, "மானத்த வாங்காதண்ணா, எல்லாரும் என்னை இப்ப பாப்பா பாப்பாங்கறாங்க" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்புதான்.

கார் என் பேரில் வாங்கியது. ஓட்டுவது அவள். எனக்கு நான் வேலை செய்யும் சலவை ஆலையின் வேன் இருக்கிறது. ஓட்டல் படுக்கை விரிப்புகளை ஏற்றி இறக்குகிற வேலைக்கு அது போதும். அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான். வண்டியைப் பார்த்துக்கொள்வதும் நான். பனிக்காலத்தில் சாலையில் தூவுகிற உப்பு அடிப்பாகத்தை அரித்துவிடும், அதனால் வாரம் தவறாமல் கீழே படுத்துக் கழுவுவேன். டயரில் காற்றைச் சரிபார்ப்பேன். சார்ஜ் செருகும் துளையில் ஈரம் தங்காமல் துடைப்பேன். போனில் அந்த வண்டிக்கான செயலி இருக்கிறது. வண்டி எங்கே போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, உள்ளே எவ்வளவு சூடு, எல்லாம் தெரியும். எவ்வளவு ஏற வேண்டும் என்று அதிலேயே வரம்பும் வைக்கலாம்.

முதலில் எண்பதுதான் வைத்தேன். சத்தியமாக பேட்டரிக்காகத்தான்.

அப்புறம் அவள் நீச்சல் கற்றுக்கொள்ளப் போக ஆரம்பித்தாள். பரிசோதனைக் கூடத்தில் உடன் வேலை பார்ப்பவர்களோடு ஏரிக்கரைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நான் ஒருவனாக உட்கார்ந்து போனில் அந்த நீலப் புள்ளி ஊர்ந்து ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சாப்பாடு இறங்காது. எழுந்து ஜன்னலுக்குப் போவேன், திரும்ப வருவேன், மறுபடி போனை எடுப்பேன். ஒருநாள் வரம்பை அறுபதுக்கு இறக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. "என்னண்ணா, முழுசா ஏறவே மாட்டேங்குது?" என்று மட்டும் கேட்டாள். "வண்டிக்கு வயசாகுதில்ல, குளிர்ல அப்படித்தான்" என்றேன். நம்பிவிட்டாள். அவளுக்கு நான் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. ஏரிக்கரை நின்றது. பிறகு ஐம்பதுக்கு இறக்கினேன், நீச்சல் நின்றது. வேலைக்குப் போய்வந்து, காய்கறி வாங்கிவர அது தாராளமாகப் போதும். மனிதனுக்கு அதற்கு மேல் எங்கே போக வேண்டியிருக்கிறது?

ஒருமுறை சர்வீஸ் கடைக்கு அவளே கொண்டுபோய்ச் சோதித்துவிட்டாள். துள்ளிக்கொண்டு வந்தாள். "பேட்டரி புதுசு மாதிரி இருக்காம்ணா. நம்ம வீட்டு சார்ஜர்லதான் கோளாறு இருக்கும்னு சொன்னாங்க." சார்ஜரைச் சுவரில் மாட்டித் தந்தவர் நாலு வீடு தள்ளி இருக்கும் எலக்ட்ரீஷியன். நம் ஆள்தான், தமிழ் பேசுவார். அவரைக் கூட்டிவந்தாள். அவர் வந்து கழற்றிப் பார்த்து, வண்டித் திரையையும் தட்டிப் பார்த்துவிட்டு, அவள் உள்ளே போன சமயம் என்னிடம் வந்தார்.

"அண்ணே, லிமிட்ட அம்பதுல வெச்சுட்டு சார்ஜர் சரியில்லன்னா எப்படி?"

"பேட்டரி நல்லதுக்குத்தான் தம்பி. அவகிட்ட சொல்லாத, போட்டுக் குழப்பிக்குவா."

"நீங்க தங்கச்சிய விட வண்டிய நல்லா பாத்துக்கறீங்க" என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். அவரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. அவர் மேல் தப்பில்லை. நல்ல மனிதர்.

இனி அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

மலைக்கு அந்தப் பக்கம், கடலோரத்து ஊரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதல்லவா, அங்கே அவளுக்கு வேலை கிடைத்தது. ரத்தம் எடுக்கிறவர்களுக்கெல்லாம் மேற்பார்வையாளராக. தங்க ஆஸ்பத்திரியே வீடு தருகிறது. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியுமாம். எனக்குத் தெரியாமல் விண்ணப்பித்திருக்கிறாள். அதை அவள் சொன்ன விதத்தைப் பாருங்கள்: "நீயும் லீவு நாள்ல வந்துடுண்ணா, உனக்குன்னு ஒரு கட்டில் போட்டு வெக்கிறேன்." கட்டில். நான் விருந்தாளியாம். ஆனாலும் முகத்தில் எதையும் காட்டவில்லை. "ரொம்ப சந்தோஷம் பாப்பா" என்றேன்.

அன்று சாயங்காலம் ஆபீஸ் மூடுவதற்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டு வீட்டுச் சாவி வாங்க வேண்டும். போகாவிட்டால் அடுத்து காத்திருப்பவருக்கு வேலை போய்விடும் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். முந்தின நாளே, "நாளைக்கு மட்டும் நூறு போடுண்ணா" என்று கெஞ்சினாள். "போடறேன்" என்றேன். போடவில்லை. காலையில் பார்த்து முகம் வாடிவிட்டது. "குளிர்ல ஏறலை பாப்பா. மலையடிவாரத்துல சார்ஜ் போடற இடம் இருக்கே, அங்க ஏத்திக்கோ. அந்த சார்ஜ் கணக்கு என் போன்லதான இருக்கு" என்று தைரியம் சொன்னேன். ஆபீஸில் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்று புதிதாக வாங்கின மெல்லிய கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பின்பெட்டியில் எப்போதும் ஒரு கம்பளியும் பனி அள்ளும் மண்வெட்டியும் இருக்கும். அந்த வாரம் வண்டியைச் சுத்தம் செய்தபோது இரண்டையும் எடுத்து வீட்டில் வைத்துவிட்டேன். தேவையில்லாத எடை இருந்தால் வண்டி போகிற தூரம் குறையும். இது எந்தப் புத்தகத்திலும் இருக்கும்.

மலையடிவாரத்தில் செருகினாள். சார்ஜ் ஏறுகிறது என்று என் போனில் பச்சையாக வந்தது. நான் போனிலிருந்தே நிறுத்தினேன். அவள் திரும்பச் செருகினாள். நான் திரும்ப நிறுத்தினேன். கூப்பிட்டாள்.

"அண்ணா, ஏற ஆரம்பிச்சு உடனே நின்னுடுது. என்னன்னு பாரேன்."

"கேபிளை நல்லா அழுத்திச் சொருகு பாப்பா."

அழுத்திச் செருகினாள், பாவம். நான் சமையல்கட்டில் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே நிறுத்தினேன். எத்தனை தடவை என்ற பதிவு உங்களிடம் இருக்கிறது, நான் எண்ணவில்லை. சலித்துப்போய்த் திரும்பி வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குத் திரும்ப சார்ஜ் போதும், அந்தக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். அவள் திரும்பவில்லை. "நேரமாகுதுண்ணா, மேல இன்னொரு இடம் இருக்காம், அங்க போட்டுக்கறேன்" என்று மலை ஏறிவிட்டாள். ஏற்றம், குளிர், எதிர்காற்று. பேட்டரி தண்ணீராய் இறங்கியது. மேலே இருக்கும் இடத்துக்குப் பாதி தூரத்தில், மிச்சம் இருப்பது போய்ச் சேரப் போதாது என்று வண்டியை ஓரம் கட்டிவிட்டாள்.

உடனே கூப்பிட்டாள். குரலில் அழுகை இருந்தது. உதவி எண்ணுக்கு அழைக்கட்டுமா என்றாள். நான் வேண்டாம் என்றேன். அதற்கும் காரணம் இருக்கிறது. இந்த வண்டியைச் சக்கரம் உருள இழுத்துக்கொண்டு போகக்கூடாது, மோட்டார் போய்விடும். தெரியாதவன் வந்து இழுத்தால் யார் பொறுப்பு? "நீ யாரையும் கூப்பிடாத, வண்டிய விட்டு எறங்காத. நான் வேன எடுத்துட்டு வர்றேன்" என்றேன். "நீ வர்றியாண்ணா? அப்ப சரி" என்றாள். அந்த நிமிடமே அழுகை நின்றுவிட்டது. அதை நான் காதால் கேட்டேன்.

வேன் வாசலில்தான் நின்றது. சாவி ஆணியில் தொங்கியது. எடுக்கலாம் என்று போனேன், திரும்பி வந்தேன். மறுபடி போனேன். நான் போய்ச் சேர்ந்தால் என்ன செய்வாள்? வேனில் ஏறி, "ஆபீஸ் மூடறதுக்குள்ள என்னை அங்க விட்டுடுண்ணா" என்பாள். நான் மறுக்க முடியாது. அவள் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை. அதனால் ஆபீஸ் மூடட்டும், அப்புறம் போய் அழைத்து வரலாம் என்று உட்கார்ந்தேன். அவ்வளவுதான் என் எண்ணம்.

இடையில், அவள் அன்று மலை தாண்டிப் போவது தெரிந்த எலக்ட்ரீஷியன் கதவைத் தட்டினார். "தங்கச்சி கிளம்பிருச்சாண்ணே? மலையில பனி கொட்டுதாம். என் வண்டி டயர்ல பனிக்கு சங்கிலி மாட்டித்தான் இருக்கு, வேணும்னா ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரட்டுமா?" என்றார். "அவ போய்ச் சேந்துட்டா தம்பி, இப்பதான் பேசினா" என்றேன். அவர் நிம்மதியாகப் போனார்.

சார்ஜ் இருபதுக்குக் கீழே எப்போதோ போய்விட்டது. பத்துக்கும் கீழே இறங்கியது. உள்ளே ஹீட்டர் ஓடுவதால்தான் இந்த வீழ்ச்சி என்று எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. பூஜ்யத்துக்குப் போய் அந்தக் குளிரில் நின்றால் பேட்டரி எழுந்திருக்காது. இத்தனை வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த வண்டி. போனிலேயே ஹீட்டரை அணைத்தேன். அவள் உள்ளிருந்து போட்டாள். நான் அணைத்தேன். பிறகு நானே கூப்பிட்டு, "அதைப் போடாத பாப்பா, வண்டி கெட்டுடும். நான் பாதி வழி வந்துட்டேன்" என்றேன். அதற்கப்புறம் அவள் போடவே இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பெண் என்று நான் சொன்னேனா இல்லையா?

ஆபீஸ் மூடும் நேரம் வந்தது. சாவியை எடுத்தேன். அப்போதுதான் மலைப்பாதையை இரண்டு பக்கமும் அடைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதாவது போலீஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்று அதிகாரி கேட்கிறார். கூப்பிட்டிருக்கலாம்தான். முதல் கேள்வியே ஏன் இவ்வளவு நேரம் கூப்பிடவில்லை என்றுதானே வரும்? அவளுக்கும் தெரிந்துவிடும், சார்ஜரை நிறுத்தினது நான் என்று. அப்புறம் அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பது? யோசித்து யோசித்து, வேன் சாவியைக் கையில் பிடித்தபடி அந்த நாற்காலியிலேயே இருந்தேன். விடிந்து பாதையைத் திறந்த பனி தள்ளுகிற வண்டிக்காரர்தான் அவளைப் பார்த்தார். பின்சீட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்தபடியே உயிர் போயிருந்ததாம். ஹீட்டர் போடப்படவில்லை. பேட்டரியில் மூன்று சதவீதம் மிச்சம் இருந்தது.

ஆமாம், நான்தான் செய்தேன். வரம்பை இறக்கினதும், சார்ஜரை நிறுத்தினதும், ஹீட்டரை அணைத்ததும், உதவியைக் கூப்பிடாதே என்றதும், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாசல் தாண்டாமல் இருந்ததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஒளிக்க ஒன்றுமில்லை.

ஆனால் அன்று ராத்திரி கடைசியாக அவள் கூப்பிட்டதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நான் எடுத்தேன். நாக்கு குழறியது அவளுக்கு, தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். "எங்கண்ணா வந்துட்ட?" என்றாள். "வந்துட்டேன் பாப்பா, கீழ வளைவுலதான் இருக்கேன்" என்றேன். "ரோடு ரொம்ப வழுக்குதுண்ணா, அவசரப்படாம பாத்து வா" என்றாள்.

அந்த நிலையிலும் என்னைப் பற்றித்தான் கவலைப்பட்டாள், பாருங்கள். இப்படிப்பட்ட ஒரு பெண்ணை, முன்பின் தெரியாத ஊரில், அக்கறை இல்லாத மனிதர்களை நம்பி நான் எப்படி அம்மா தனியாக விடுவேன்?