எங்க மாடிக்காரங்க யாரும் போகாத ஊரு

இல்ல தம்பி, உங்க ஹோட்டல் ரூம்ல ஒரு குறையும் இல்ல. மெத்தை நல்லா இருக்கு, குழாயைத் திறந்தா சுடுதண்ணி வருது, பால்கனியில நின்னா கடல் தெரியுது. வெயிலா? வெயிலுக்கு என்ன குறைச்சல், கொட்டிக் கிடக்கு. நாங்க நார்வேயில பெர்கன்காரங்க. மழை குடும்பத்தோட குடியிருக்கிற ஊரு அது. நாங்க போய் உங்க வெயிலைக் குறை சொன்னா நாக்கு அழுகிடும். ஒரு வாரம் தங்கறேன்னு வந்துட்டு நாலாம் நாளே பெட்டியைத் தூக்கினா உங்களுக்கு உறுத்தத்தான் செய்யும். மேனேஜர் கேட்டா சொல்லுங்க, பொடில் அம்மாவுக்கு எல்லாமே பிடிச்சிருந்துச்சு, சமையல்காரருக்குத் தனியா நன்றி சொல்லிட்டுப் போனாங்கன்னு.

அப்புறம் ஏன் கிளம்பறீங்கன்னு கேக்கறீங்க. அது பெரிய கதை. சாப்பாட்டு ஹால் இன்னும் திறக்கலல்ல? சரி, அதுவரைக்கும் எங்க ஆளுங்க யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டாங்க. நான் இந்தப் பூந்தொட்டிக்குப் பின்னாடி நின்னே பேசறேன். நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க, தனியா பேசற மாதிரி இருந்தாலும் பரவாயில்ல.

நான் எங்க அடுக்குமாடியில குடியிருப்போர் சங்கத் தலைவி. சும்மா இல்ல, ரொம்ப வருஷமா நான்தான். வேற யாரும் ஏத்துக்க மாட்டேங்கறாங்க. எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டு, டுக்னாட்னு பேரு. மே மாசத்துல ஒரு சனிக்கிழமை மாடியில இருக்கிற அத்தனை பேரும் கீழ இறங்கி வந்து கூட்டுவேலை செய்யணும். குளிர்காலத்துல பனியில வழுக்கி விழாம இருக்க முற்றமெல்லாம் சரளைக்கல் கொட்டி வெப்பாங்க. பனி உருகினதும் அத்தனையும் கூட்டி அள்ளணும். வேலிக்குப் பெயிண்ட் அடிக்கணும், சைக்கிள் கொட்டகையைக் கழுவணும். முடிச்சதும் சாசேஜ் சுட்டு, உருளைக்கிழங்கு ரொட்டியில சுருட்டிச் சாப்பிட்டுட்டு, அவங்கவங்க வீட்டுக்கு ஓடிடலாம். கூலி கிடையாது. கட்டாயமும் கிடையாது. ஆனா வராம இருந்து பாருங்க, அடுத்த வருஷம் வரைக்கும் படியில ஒருத்தர் உங்களைப் பாத்து சிரிக்க மாட்டாங்க. அதுக்கு முன்னாடியும் சிரிச்சது கிடையாது, அது வேற விஷயம்.

நிஜமாத்தான் சொல்றேன். படியில ஆள் சத்தம் கேட்டா, அவங்க இறங்கிப் போற வரைக்கும் நாங்க கதவுக்கு உள்பக்கம் ஷூ போட்டுக்கிட்டு நிப்போம். சண்டையெல்லாம் இல்ல தம்பி. அதுக்குப் பேரு மரியாதை.

இந்த வருஷம் நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். அந்தச் சனிக்கிழமை நான் ஊர்ல இருக்கப் போறதில்ல. தலைவியே ஓடலாமான்னு பாக்கறீங்க. ஏன் ஓடினேன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுங்க. வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். ஹால்வர்னு பேரு, பாத்திருப்பீங்க, நீச்சல்குளத்துப் பக்கம் இறால் நிறத்துல ஒருத்தர் படுத்திருப்பாரு. அவருக்கு வெயில் அடிச்சா போதும், பாலைவனத்துல ஒரு நாற்காலியைப் போட்டாலும் போய் உக்காந்துடுவாரு. எனக்கு அது மட்டும் போதாது. வெயில் அடிக்கணும், கடல் இருக்கணும், எங்க மாடிக்காரங்க ஒருத்தர்கூட வராத ஊரா இருக்கணும். யாராவது பாத்துட்டா பதவி போறது இருக்கட்டும், மானமே போயிடும்.

அப்படி ஒரு ஊரு தேடிப் பாருங்க, அப்பத் தெரியும் கஷ்டம். ஸ்பெயின்காரங்க தீவு கிரான் கனாரியான்னாரு ஹால்வர். அங்க எங்க ஊரு சர்ச்சே இருக்குய்யா, இறங்கின உடனே பாதிரியாரே கையைப் பிடிச்சுக் குலுக்கிடுவாருன்னேன். கிரீட்னாரு. கீழ்மாடி ஓட்வார் வருஷா வருஷம் போற தீவு, அங்க ஒரு ஓட்டல்ல அவரு உக்கார்ற நாற்காலியையே வேற யாருக்கும் தர்றதில்லையாம். துருக்கின்னா மூணாம் மாடிக்காரர் முடி நட்டுக்க ரெண்டு தடவை போயிட்டு வந்தாரு, மூணாவது தடவையும் போகவேண்டிய நிலைமைதான். இத்தாலி வேணாம், காப்பிக்கடையில இவரு சண்டை போடுவாரு. போர்த்துகலும் ஆகாது. எங்க அஞ்சாம் மாடிக்குப் புதுசா வந்திருக்கிற ஃபவுஸ்தோவோட ஊரு அது. வாய் தவறிச் சொல்லிட்டா போதும், அவங்க அம்மா நம்மளை விமான நிலையத்துக்கே வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அவ்வளவு நல்ல மனுஷங்க. கடைசியில ஹால்வர் கண்ணை மூடிக்கிட்டு பூமி உருண்டையைச் சுத்திவிட்டு விரலை வச்சாரு. கடல்ல விழுந்துச்சு. இன்னொரு தடவை வச்சாரு, எங்க ஊர்லயே விழுந்துச்சு.

உங்க நாட்டை நான்தான் கண்டுபிடிச்சேன். எங்க ட்ராவல்ஸ்ல துனிசியாவுக்குன்னு ஒரே ஒரு ஏற்பாடு இருந்துச்சு, ஜெர்பா தீவு, இந்த ஹோட்டல். ஆனா எனக்கு உறுதி பண்ணிக்கணும். அதனால ஒரு வாரம் கதவுக்கு உள்ள நிக்காம வெளிய போய் நின்னேன். ஓட்வாரை மடக்கி, ஏங்க, துனிசியாவுக்கு நம்ம மாடியில யாராவது போயிருக்காங்களான்னு கேட்டேன். ஐயோ, அங்க யாருங்க போவா, ஒருத்தரும் போகமாட்டாங்கன்னாரு. ரெண்டாம் மாடி துரிட்டைக் கேட்டேன், அவங்களும் அதையேதான் சொன்னாங்க. நாலாம் மாடி புதுசா கல்யாணமான ஜோடி, முடிக்காரர், எல்லாரையும் கேட்டேன். ஒருத்தரும் போகமாட்டாங்கன்னு எல்லாரும் ஒரே குரல்ல சொல்லிட்டாங்க. எனக்குன்னா அப்படி ஒரு சந்தோஷம்.

சிரிக்காதீங்க தம்பி. உங்களுக்குப் புரிஞ்சிடுச்சு, எனக்கு இங்க வந்து மூணு நாள் ஆச்சு புரியறதுக்கு. நான் மட்டுமா அந்தச் சனிக்கிழமைக்குப் பயந்து ஊரு தேடினேன்? அவங்களும் தேடிக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. யாரும் போகாத ஊரு ஒண்ணு இருக்குன்னு நானே படியில நின்னு ஒவ்வொருத்தர் காதுலயும் போட்டிருக்கேன்.

மொத நாள் காலையில சாப்பாட்டு ஹாலுக்குப் போறேன். தூண் பக்கம் ஒருத்தர் பேப்பரை விரிச்சு முகத்தை மறைச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. உங்க அரபிப் பேப்பரு, அதுவும் தலைகீழா. சரி, யாரோன்னு நினைச்சேன். அப்பப் பேப்பருக்குக் கீழ ஒரு கை வந்துச்சு, கையில சீஸ் சீவற தகடு. அதை வெளிநாட்டுக்கும் ஒருத்தன் கையோட கொண்டு வர்றான்னா அவன் நம்மாளுதான். தட்டுல எங்க ஊரு பழுப்புச் சீஸ் கட்டி வேற. முதுகெலும்பு நகர்ந்துடுச்சு, இந்த வருஷம் குனியவே முடியாதுன்னு எனக்குச் சொல்லி அனுப்பின ஓட்வார். அன்னிக்குச் சாயங்காலமே அவரு வாழைப்பழ வடிவத்துல காத்தடிச்ச படகுல ஏறி உக்காந்து கடல்ல கத்திக்கிட்டுப் போறதைப் பாத்தேன். துரிட் அவங்க பூனைக்கு ஆபரேஷன்னு சொன்னாங்க. இங்க ஒட்டகத்து மேல உக்காந்திருக்காங்க. நாலாம் மாடி ஜோடி எங்களுக்கு எதிர் வரிசை ரூம்லயேதான் இருக்காங்க.

ஆமா, நான் மட்டும் என்ன யோக்கியம். வடக்குல எங்க அத்தை இறந்துட்டாங்க, காரியத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். அத்தை இறந்தது நிஜம்தான், போய்ச் சேர்ந்து ஒம்பது வருஷம் ஆச்சு.

உங்க ஹோட்டல்ல எல்லாரும் ஏன் தூணுக்குத் தூண் ஒளிஞ்சு ஒளிஞ்சு சாப்பிடறாங்கன்னு நீங்க யோசிச்சிருப்பீங்க. அப்படியா? ஒருத்தர் சமையல்கட்டுல வச்சு சாப்பிட அனுமதி கேட்டாரா? அது முடிக்காரராத்தான் இருக்கும். எங்களுக்கு இது பழக்கம் தம்பி. படியில செய்யறதை இங்க செய்யறோம், அவ்வளவுதான். வெயில்ல செய்யறோம்.

சரி, ஏன் ஓடினேன்னு சொல்றேன்னேன்ல. போன வருஷம் அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. ஓட்வாருக்கு அப்பவும் முதுகு. துரிட்டுக்கு அப்பவும் பூனை. ஒருத்தருக்குக் காதுவலி, ஒருத்தருக்குத் தலைசுத்தல். நானும் ஹால்வரும் மட்டும் இறங்கினோம். கொஞ்ச நேரத்துல இவரும் தும்மிக்கிட்டு மேல போயிட்டாரு. அத்தனை குடும்பத்துக்கும் சாசேஜ் வாங்கி வச்சிருந்தேன். வீணாக்கக் கூடாதுன்னு ஒரு கையில குடையைப் பிடிச்சுக்கிட்டு நானே சுட்டு நானே தின்னேன். தின்னுக்கிட்டே மேல பாக்கறேன், எல்லா ஜன்னல்லயும் விளக்கு எரியுது. முதுகு நகர்ந்தவர் நிமிர்ந்து நின்னு காப்பி குடிச்சுக்கிட்டே என்னைப் பாக்கறாரு. எனக்கு அழுகை வந்துச்சு தம்பி. மழையில யாருக்குத் தெரியப்போகுதுன்னு நல்லா அழுதேன். நான் இல்லாம என்னதான் பண்றாங்கன்னு பாத்துடறேன்னுதான் இந்த வருஷம் டிக்கெட் போட்டேன். கோவம்தான், வேற ஒண்ணும் இல்ல.

இப்பவும் கோவமான்னா, இல்ல. நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு. நேத்து ஃபவுஸ்தோ போன் பண்ணினாரு.

அதான், அந்த அஞ்சாம் மாடிக்காரர். மீன் பதப்படுத்தற கம்பெனியில இன்ஜினியர், தனியா இருக்காரு. படியில எதிர்ல வந்தா நின்னு, நல்லா இருக்கீங்களான்னு கேப்பாரு. மொதல் தடவை கேட்டப்ப துரிட் பயந்துபோய்த் திரும்ப மேல ஏறிட்டாங்க. வந்து மூணு மாசம் ஆச்சு, எங்க மாடியில யாரும் அவர்கிட்ட முழுசா ஒரு வாக்கியம் பேசினதில்ல. நான் மட்டும் பேசினேன். என்ன பேசினேன்? இந்த நாட்டுல டுக்னாட்டுக்கு வராதவன் மனுஷனே இல்லன்னு விரலை ஆட்டிப் பேசினேன். பிப்ரவரியில.

நான் போனை எடுத்ததும் அவரு மொதல்ல என்ன கேட்டாரு தெரியுமா, அத்தை காரியமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதான்னு கேட்டாரு. எனக்கு இங்க கடல்ல போய் விழுந்துடலாமான்னு இருந்துச்சு. அப்புறம் சொல்றாரு, பொடில் அம்மா, நாளன்னிக்குத்தானே சனிக்கிழமை, நான் எல்லாம் தயார் பண்ணிட்டேன். ரப்பர் பூட்ஸ் வாங்கியாச்சு. எங்க அம்மாகிட்ட போன்ல கேட்டுக் கேட்டு முட்டைப் பணியாரம் சுட்டிருக்கேன், மொத்த மாடிக்கும். எனக்கு ராத்திரி தூக்கமே வரல, அன்னிக்குத்தான் எல்லாரையும் பாத்துப் பேசப்போறேன். கீழ எத்தனை மணிக்கு வரணும்?

நான் என்ன சொல்லியிருக்கணும்? யாரும் இல்லப்பா, எல்லாரும் பொய் சொல்லிட்டு வெயில் காயறோம், நீ பேசாம தூங்குன்னு சொல்லியிருக்கணும். வாயில வரல தம்பி. பத்து மணிக்கு வந்துடுங்க, எல்லாரும் வருவாங்கன்னு சொல்லிட்டேன்.

ஆமா, நாளைக்குக் காலையில பத்து மணி. பெர்கன்ல மழைதான், பாத்துட்டேன். இங்கிருந்து ட்யூனிஸ், அங்கிருந்து இன்னொண்ணு, அப்புறம் இன்னொண்ணு, மூணு விமானம் மாறினா இன்னிக்கு ராத்திரிக்குள்ள போய்ச் சேர்ந்துடலாம். இடமும் இருக்கு, அதையும் பாத்துட்டேன். ஹால்வர் மேல பெட்டி கட்டறாரு, முணுமுணுத்துக்கிட்டே. அடியில இருக்கிற கம்பளிச் சட்டையை எடுத்து வைங்கன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்.

டாக்சியா? வேணாம் வேணாம், டாக்சி பத்தாது. வாசல்ல உங்க ஹோட்டல் பஸ் ஒண்ணு நிக்குதே, அதுல எத்தனை பேரு உக்காரலாம்? இருபது பேரா, தாராளம், நாங்க ஏழு பேருதான். இல்ல, அவங்களுக்கு இன்னும் விஷயம் தெரியாது. ரூம் நம்பரெல்லாம் நீங்க சொல்லக் கூடாதுன்னு எனக்கும் தெரியும், உங்க வேலைக்கு வினை வைக்க மாட்டேன். சாப்பாட்டு ஹால் கதவை மட்டும் திறந்து விடுங்க தம்பி. நான் போய் நடுவாசல்ல நின்னுக்கறேன்.