உடுமலையில் ஏற்றிய லக்கேஜ்

உடுமலைப்பேட்டையில் கோவை பஸ் கிளம்பும் நேரம். தன் கணவரை என் முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டு, ஒரு அம்மா கண்டக்டரைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க, இவரைப் பொள்ளாச்சில எறக்கி உட்டுருங்க. வேன் முழுக்கச் சீர்ச் சாமான், இவருக்கு எடமில்லீங்க. தாய்மாமன் இவருதான். போன சீருக்குத் தூங்கிப்போட்டுக் கோயமுத்தூருக்கே போயிட்டாருங்க.”

“தேங்கா மூட்டைன்னா நானே எறக்கி உடுவேனுங்க அம்மணி. ஆளு தானாத்தான் எறங்கோணும்.”

“அப்ப லக்கேஜுன்னே வெச்சுக்கோங்க. இவங்கக்கா ஸ்டாண்டுக்கு வந்து எடுத்துக்குவாங்க.”

கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பொள்ளாச்சியில் கண்டக்டர் தோளைத் தட்டினார். “ஏனுங்க, எறங்குங்க.”

கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது.

“லக்கேஜு எங்கீங்க தானா எறங்கும்? தூக்கி எறக்குங்க.”