வெள்ளிக்கிழமை ரெண்டாங்

தம்போய் நிறுத்தத்தில் பேருந்து ஏறியபோது எனக்கு முன் இருக்கையில் ஒரு தாயும், இடைநிலைப்பள்ளிச் சீருடையில் அவர் மகளும் இருந்தார்கள். பள்ளியில் அன்று ஹரி ராயா நோன்புப் பெருநாள் விருந்து நடந்திருக்கிறது என்பது அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்தது.

“மா, நான் கோழி ரெண்டாங் சாப்பிட்டுட்டேன்.”

“அலமாக்! இன்னைக்கு வெள்ளிக்கிழமைலா. தவக்காலம் முடியிற வரைக்கும் வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டேன்னு நீதான சொன்ன?”

“ஐஷாவோட அம்மா எனக்குன்னே தனியா சமைச்சுக் கொண்டு வந்தாங்கமா. மாட்டுக்கறியில செய்யிற ரெண்டாங் குழம்ப, இந்தியப் பிள்ளைங்க மாடு சாப்பிடமாட்டாங்கன்னு கோழியில செஞ்சிருக்காங்க.”

“நாமதான் மாடு சாப்பிடுவோமே!”

“ஆனா இன்னைக்கு அதுவும் கூடாதே.”

தாய் ஒரு கணம் குழம்பிப்போனார். “சரி, விரதம்னு சொல்லியிருக்கலாம்ல?”

“ஐஷா ஒரு மாசம் நோன்பு இருந்து முடிச்சிட்டு, அவ கையாலயே எனக்கு ஊட்டிவிட்டா. அவங்கம்மா என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னாங்க. எப்படிமா வேணாம்னு சொல்றது?”

பேருந்து இரண்டு நிறுத்தங்களைத் தாண்டியது.

“சாப்பிட்டது பாவமாமா? இல்ல, வேணாம்னு சொல்லியிருந்தா அதுதான் பாவமா?”

“எனக்கே தெரியலடா. ஞாயித்துக்கிழமை ஃபாதர்கிட்ட கேப்போம்.” தாய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். “விடு, அவங்க மனசு நோகக்கூடாதுன்னு ஒரு வாய்தான சாப்பிட்ட?”

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இல்லமா. ரெண்டாவது தடவ நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவ்வளவு நல்லா இருந்துச்சு.”